என் மகள் என்னிடம் கேட்காத ஐந்து கேள்விகள்

1

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று ஆண், இரண்டு பெண். துறையூர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் தாய்மாமன் மகனைக் கட்டிக்கொண்டு கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவள் நான். பேர் ராமாயி. இரண்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். மீதி எழுத்தைக் கடையில் சாமான் சுற்றித் தரும் தாளில் படித்துக் கற்றுக்கொண்டேன். நான் நோட்டில் கொஞ்சம் எழுதுகிறேன், கை வலித்தால் வாயால் சொல்கிறேன், பேத்தி தர்ஷினி போனில் தட்டுகிறாள். பிழை இருந்தால் பாதி அவளுடையது.

ஊரில் தம்பி மகன் மாத இதழ் நடத்துகிறான். மலேசியாவில் எப்படி வாழ்கிறீர்கள் என்று எழுதுங்கள் அத்தை என்று கேட்டான். எப்படி வாழ்கிறோம்? ஜித்ராவில் மூத்த மகன் சேகரின் வீட்டில் இருக்கிறேன். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் இடம், தாமான் என்போம். காலையில் எழுந்து பசியாறுகிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். துணி மடிக்கிறேன், டிவி பார்க்கிறேன். இதை எழுதினால் அரைப் பக்கம் வரும். அதனால் வேறு ஒன்றை எழுதுகிறேன். இந்த வயதில் எனக்கு வந்த பொறாமையைப் பற்றி.

போன மாதம் மெர்கோங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் என் கடைசி மகள் மலர் பேசினாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். மகளிர் குழுவினர் கூப்பிட்டிருந்தார்கள். பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மகள் பேசுவதை நான் முன்னால் இருந்து பார்க்க வேண்டாமா?

மலர் முட்டிவலியைப் பற்றிப் பேசினாள். "ஒரு அம்மா என்கிட்ட சொன்னாங்க, கோயிலுக்குப் போறேன், ஆனா சுத்தி வர முடியல, கொடிமரத்துக்கிட்டயே நின்னு கும்புட்டுட்டு வந்துர்றேன், பின்னால இருக்கிற சாமிங்கள்லாம் என்னையத் தேடிக்கிட்டு இருக்கும்னு." மண்டபம் சிரித்தது. பிறகு சத்தம் அடங்கியது. மலர் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அவள் கண் கலங்கியதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த அம்மா நான் இல்லை. எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த பாக்கியம். "நாந்தான் அது, நாந்தான் அது" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்கும் இரண்டு முட்டியும் தேய்ந்து பல வருஷம் ஆகிறது. நானும்தான் கோயிலைச் சுற்றுவதில்லை. ஊரார் முட்டிக்கெல்லாம் கண் கலங்குகிறவள் என்னிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேட்க வேண்டும், உனக்கு எப்படி இருக்கிறதம்மா என்று. நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அது கிடைக்காமல் நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

2

மலரின் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கே புரிய வெகுநாள் ஆனது.

டாக்டர் பட்டம் வாங்கினாள் என்றதும் நான் தாமான் முழுக்கச் சொல்லிவிட்டேன். மறுநாளே எதிர்வீட்டுச் சரசு இனிப்புநீர் (சர்க்கரை வியாதியை அப்படித்தான் சொல்வோம்) மாத்திரைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, நான் மருந்து குடுக்கிற டாக்டர் இல்ல" என்று மலர் சொன்னாள். "அப்பொ என்னா டாக்டர்?" "வைத்தியத்துக்கு ஆகிற செலவுக்கு ஏத்த பலன் இருக்கான்னு பாக்குற டாக்டர்." சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தலைகுனிவாக இருந்தது. ஊசி போடத் தெரியாத டாக்டரை எப்படிப் பெருமையாகச் சொல்வது?

சரசு போனபிறகு நான் மகளைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ மனுசனுக்கு வெல போடுறியா?"

"மனுசனுக்கு இல்லம்மா, வைத்தியத்துக்கு. கவர்மெண்டுகிட்ட இருக்கிறது ஒரு அளவுதான். அத எதுல போட்டா எத்தன பேரு எத்தன வருசம் நல்லா இருப்பாங்கன்னு பாக்கணும். இல்லாட்டி சத்தமா கேக்குறவங்களுக்கு மட்டும் போயிரும். சத்தம் போடாதவங்க ஓரத்துலயே நிப்பாங்க."

"நல்லா இருக்காங்களான்னு ஒனக்கு எப்புடித் தெரியும்? எக்ஸ்ரேயா?"

"எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும். அவங்களையே கேக்கணும்மா."

இப்போது அவள் செய்கிற ஆராய்ச்சி முட்டியைப் பற்றியது. முட்டியை ஆபரேஷன் செய்து மாற்றுவதா, அல்லது மாத்திரையும் உடற்பயிற்சியும் கொடுத்து ஓட்டுவதா, எதில் கூடுதல் பலன். அதற்கு அவள் எல்லோரிடமும் ஐந்து விஷயம் கேட்பாள். நடக்க முடிகிறதா. குளிக்கவும் உடுத்தவும் முடிகிறதா. வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்ய முடிகிறதா. வலி எவ்வளவு. மனக்கவலை எவ்வளவு. பிறகு காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு படத்தைக் காட்டுவாள். அடியில் பூஜ்யம், உச்சியில் நூறு. இன்றைக்கு உங்கள் உடம்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைக்க வேண்டும்.

கடைசியில் ஒன்று கேட்பாள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த முட்டியோடு இன்னும் பத்து வருஷம் இருப்பீர்கள் என்று வையுங்கள். நல்ல முட்டி கிடைக்கும் என்றால் அந்தப் பத்தில் எத்தனை வருஷத்தை விட்டுக்கொடுப்பீர்கள்? நிஜமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வலி எவ்வளவு பெரியது என்று அளக்க அது ஒரு வழியாம்.

எமனே வந்தாலும் இவ்வளவு மரியாதையாகக் கேட்க மாட்டான் என்றேன். மலர் சிரித்தாள். என்னிடம் கேட்கவில்லை.

3

பாக்கியமும் நானும் தோட்டத்தில் அடுத்தடுத்த வீடு. அவள் இங்கேயே பிறந்தவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டினோம், ரப்பர் பால் வடிய மரப்பட்டையைக் கீறுவது. ஒரு நிரை மரங்களுக்கு வெட்டு தரையை நெருங்கியிருக்கும். அவற்றைக் குந்தி உட்கார்ந்து வெட்ட வேண்டும். ஒரு மரத்துக்குக் குந்தி எழுந்து, அடுத்த மரத்துக்கு நடந்து, மறுபடி குந்தி. இப்படி எத்தனையோ வருஷம். எங்கள் முட்டிகள் அங்கேதான் போயின.

விடியுமுன்னே பெரட்டு நடக்கும். எல்லோரும் வரிசையாக நிற்க, கங்காணி பேர் கூப்பிட்டுப் புத்தகத்தில் குறிப்பார். தலைப்பிள்ளை பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய புதிதில் ஒருநாள் காய்ச்சல். ஊரில் பழகிய மாதிரி, "உடம்பு சரியில்லைங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பென்சிலால் ஏதோ குறித்தார். அன்றைக்கு வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார். பரவாயில்லை. ஆனால் மறுநாளிலிருந்து என் நிரையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, என்னைக் கிழவிகளோடு கூலி குறைந்த புல் வெட்டுக்குப் போட்டார். நிரை திரும்பிக் கிடைக்கச் சில மாதம் ஆனது. அதற்குள் என் மாமியார் என்னை வாட்டி எடுத்துவிட்டார். "பென்சிலு வச்சிருக்கிறவன்கிட்ட ஒடம்பு நோவச் சொல்லுவியா? ஒனக்குக் கூறு இருக்கா?"

அதற்குப் பிறகு சொன்னதே இல்லை. மலர் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம்வரை சேலையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு பெரட்டில் நின்றேன். தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் என்று ஒருவர் இருப்பார், மருந்து கொடுப்பவர். அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவார். என் முறை வரும்போது "ஒன்னுமில்லைங்க" என்பேன். பாக்கியம் அப்படி இல்லை. தலைவலி, இடுப்புவலி, கனவில் பாம்பு, எல்லாவற்றையும் சொல்வாள். அடிக்கடி புல் வெட்டத்தான் போனாள். நான் அவளைக் கேவலமாக நினைத்தேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்குமோ என்னவோ. என் அம்மா இடுப்பு வலித்தால் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்வாள். அவரும் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு, என்ன தைலம் போட்டீங்க என்று கேட்பார். என் தங்கை இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் முட்டியைத் தூக்கிக் காட்டுகிறாள், "பாருக்கா, பன்னு மாதிரி வீங்கியிருக்கு." வீட்டில் ஆளுக்கு ஒருவர் எண்ணெய் தேய்த்து விடுகிறார்கள். அதைப் பார்க்கவும் எனக்குப் பொறாமைதான். நான் உங்களுக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் சௌக்கியம் என்றுதான் எழுதினேன். சௌக்கியம் தவிர வேறு எதையும் எழுதும் வழக்கம் எனக்கு விட்டுப் போய்விட்டது.

அதிகாரி யார் கேட்டாலும் எனக்கு அதே நாக்குதான். இங்கே குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அடையாள அட்டை. என் மாதிரி வந்து தங்கியவர்களுக்குச் சிவப்பு. நீலம் வாங்க இரண்டு தடவை மலாய்மொழி நேர்காணலுக்குப் போனேன். அதிகாரி வாசிக்க முடியுமா என்றார். "போலே" என்றேன், முடியும் என்று அர்த்தம். எழுத முடியுமா? "போலே." உடனே ஒரு தாளை நீட்டினார். நான் அதைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, அந்த மட்டும் நல்லது. இரண்டாம் தடவை, என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று சொல்ல நினைத்து, அவர் எங்கேயோ குடியிருக்கிறார் என்கிற மாதிரி மலாயில் சொல்லிவிட்டேன். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு விலாசத்துக்காகக் காத்திருந்தார். இன்றைக்கும் என்னுடையது சிவப்புதான். பாக்கியத்துக்குப் பிறந்ததிலிருந்து நீலம்.

4

கோயில் பேச்சு முடிந்த அடுத்த வாரம் பாக்கியம் என்னைப் பார்க்க ஜித்ராவுக்கு வந்தாள். மகன் காடியில், காரை அப்படித்தான் சொல்வோம், கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். போன வருஷம் அவளுக்கு வலது முட்டியை மாற்றியிருக்கிறார்கள். வாசலில் மூன்று படி. எதையும் பிடிக்காமல் டக் டக் டக் என்று ஏறிவந்தாள். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

"என்னாக்கா, படிக்குக் கைப்பிடிகூட இல்ல, நீ எப்புடி ஏறுற?"

"காலாலதான் ஏறுறேன்."

"நீ அப்பவே இரும்பு. டிரஸ்ஸரு ஒம் முகத்தப் பாத்ததே இல்லையே." முறுக்கை எடுத்துக் கடித்தாள். பல்லும் நன்றாக இருக்கிறது அவளுக்கு. "ஆனா ஒம் மக இருக்காளே, தங்கம். ஆபரேசனுக்கு முந்தி, எம் பக்கத்துல ஒக்காந்து ஒரு மணி நேரம் கேட்டா. குளிக்க முடியுதாம்மா, சேல கட்ட முடியுதாம்மான்னு. நான் அழுதுட்டேன்கா. எம் மகன் ஒருநா கேட்டதில்ல. ஒனக்கென்னா, சொந்தப் புள்ள, தெனமும் கேப்பா."

"கேப்பா, கேப்பா."

"நீ எத்தன சொன்ன? நான் மொதல்ல நாப்பது. ஆபரேசன் ஆனப்புறம் எம்பது சொன்னேன்."

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது பாக்கியம்."

"ஏன்லா, நம்ம ஒடம்பு நம்ம நம்பரு. வருசம் எத்தன குடுத்த? நான் பத்துல நாலத் தூக்கிக் குடுத்துட்டேன். மிச்சம் ஆறு வருசம் நல்லா ஆடிட்டுப் போறேன், என்னா இப்பொ?"

நான் காப்பி கலக்க எழுந்தேன். எழுந்திருக்கும்போது மேசையைப் பிடிக்காமல் எழுந்தேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அக்கா, ஒன்னையக் கேக்கவே இல்லையா அவ?"

"காப்பிக்குச் சீனி எத்தன?" என்றேன்.

5

அன்று சாயங்காலமே மலருக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"நீ முட்டிக்காரங்களையெல்லாம் கேக்குறியாமே. எனக்கும் முட்டி இருக்கு."

"மா, நீ அதுல சேர முடியாது. ஆராய்ச்சி பண்றவங்க குடும்பத்து ஆளுங்களச் சேக்கக்கூடாது. அதுதான் ரூல்."

"பாக்கியத்தச் சேத்தியே?"

"அவங்க நம்ம குடும்பம் இல்லையே."

"அவ மடியில நீ வளந்த பொண்ணு."

மறுபக்கம் யாரோ அவளை ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். "மா, மீட்டிங். ஒனக்கு முட்டி ரொம்ப வலிக்குதா என்னா?" என்று அவசரமாகக் கேட்டாள்.

"ஒன்னுமில்ல. நீ போ."

கேட்டாளே என்று நீங்கள் சொல்லலாம். அது கேள்வியா? செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பது. பாக்கியத்திடம் ஒரு மணி நேரம்.

6

எனக்கு அலோர் ஸ்டாரில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதி கொடுப்பார்கள். அந்தத் தடவை சேகர் என்னை வாசலில் இறக்கிவிட்டுக் காடி நிறுத்த இடம் தேடப் போனான். இடம் கிடைக்க அரைமணி நேரமாவது ஆகும். உள்ளே, எலும்பு டாக்டர் அறைக்குப் போகும் வழியில் ஒரு மேசை. மேசையில் மலரின் தாள்கள். குழாய்ப் படத்தை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். முதலில் சிலரை மட்டும் மலரே கேட்டாள், பிறகு ஆள் வைத்துவிட்டாள். அங்கே உட்கார்ந்திருந்தது ரேவதி என்கிற பெண். அவளுக்கு என்னைத் தெரியாது.

நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"பாட்டி, முட்டி வலிக்கு வந்தீங்களா? ஒரு ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் கேள்வி கேக்கலாமா? விருப்பம் இருந்தா மட்டுந்தான்."

"கேளும்மா. அதுக்குத்தான் ஒக்காந்தேன்."

வீட்டிலிருந்து எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டுதான் போனேன். சொல்லிவிடுவது என்றே முடிவு. பாக்கியம் நாற்பது சொன்னாள் என்றால் நான் அதற்கும் கீழே சொல்ல எனக்கு உரிமை உண்டு. மலர் வீட்டில் அந்தத் தாளைப் புரட்டும்போது என் பேரைப் பார்ப்பாள். பார்த்துத் திகைப்பாள். இதெல்லாம் மனதில் படம் மாதிரி ஓடியது. ரேவதி பேர் கேட்டாள், சொன்னேன். அட்டை கேட்டாள், கொடுத்தேன். பிறகு பென்சிலை எடுத்தாள்.

"நடக்கிறதுல ஒங்களுக்குச் சிரமம் இருக்கா பாட்டி?"

"ஒன்னுமில்ல."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நான் சொல்ல நினைத்தது வேறு.

"குளிக்க, உடுத்த?"

"ஒன்னுமில்ல."

"வீட்டு வேலை?"

"எல்லாம் நாந்தான் செய்றேன்."

"வலி?"

"சிக்கிட்." கொஞ்சம் என்று மலாயில் சொல்வோம். இங்கே வரும் டாக்டரிடமும் நான் அதைத்தான் சொல்வது வழக்கம். ரேவதி குறிக்கப் போனாள். "அதுவும் இல்லன்னே போட்டுக்க" என்றேன்.

"கவலை ஏதும்?"

"எனக்கென்னம்மா கவல? எம் மக பெரிய படிப்பு."

குழாய்ப் படத்தைத் திருப்பி வைத்தாள். நான் விரலை உச்சியில் வைத்தேன். நூறு. பத்து வருஷத்தில் எத்தனை கொடுப்பீர்கள் என்றாள். ஒருநாள்கூடக் கொடுக்க மாட்டேன் என்றேன். ரேவதி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பொ நீங்க எதுக்குப் பாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?"

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவள் பார்வையில் இருக்கும்வரை நிமிர்ந்து நடந்து, தூண் மறைவுக்குப் போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் டாக்டரிடம் போய் அங்கேயும் சிக்கிட் சொல்லிவிட்டு வந்தேன்.

7

சனிக்கிழமை மலர் வந்தாள். வழக்கமாகக் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டு ஹாலில் உட்கார்வாள். அன்றைக்கு நேராக அடுப்படிக்கு வந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தர்ஷினி பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மா, நீ செஞ்சது சரியா?"

"என்னா செஞ்சேன்?"

"சிவப்பு அட்டை வச்சிருக்கிற ராமாயி எனக்கு ஒரே ஒருத்தங்கதான் தெரியும். அந்தத் தாள நான் கழிச்சுத்தான் ஆகணும். என் மேலதிகாரிக்கு வேற எழுதிக் குடுக்கணும், எங்கம்மா தெரியாம வந்து ஒக்காந்துட்டாங்கன்னு."

"தெரிஞ்சுதான் ஒக்காந்தேன்னு எழுது."

தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மலர் சிரிக்கவில்லை.

"சரி, வந்தது வந்த. நூறாம்மா? சளி புடிச்சு வர்றவங்ககூட நூறு சொல்ல மாட்டாங்க. ரேவதி என்கிட்ட வந்து, ஒரு பாட்டி கம்பீரமா நூறு சொன்னாங்க, எந்திரிக்கும்போது மேசையே ஆடுச்சுன்னு சொல்றா. ஒன் கிளினிக் புத்தகத்தக் காட்டு."

கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மலாயில் டாக்டர்கள் எழுதியதை அவள் படித்தாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரிதானாம். லேசான வலி, லேசான வலி, நோயாளிக்குக் குறை ஏதும் இல்லை.

"அஞ்சு வருசமா இப்புடிச் சொல்லிக்கிட்டு இருக்கியா? இதப் பாத்து யாரு ஒன்னைய ஆபரேசன் வரிசையில போடுவாங்க? நானே லேசுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"நீ ஒக்காந்து கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"கேட்டிருந்தா நூறுன்னு சொல்லியிருப்ப."

"பாக்கியத்துக்கிட்ட ஒரு மணி நேரம் ஒக்காந்தியே. நீ மூணாம் நிமிசத்துல எந்திரிச்சு ஓடுற. எனக்கு நூறு சொல்லத்தான் நேரம் இருக்கு."

இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. கீரையைப் பார்த்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தது என்று மலர் நினைத்திருப்பாள். எனக்கு அது பொறாமை என்று தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணை, அவள் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று கேட்டு அழும் தாய் எங்காவது உண்டா?

பிறகு அவள் பையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்தாள். எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். போனை அணைத்து அலமாரி மேல் வைத்தாள். குரல் மாறியது. வீட்டில் என்னை நீ என்பவள், அந்நியரிடம் பேசுகிற மாதிரி நீங்க என்றாள்.

"அம்மா, இன்னைக்கு நடக்கிறதுல ஒங்களுக்குச் சிரமம் இருக்கா?"

பாக்கியத்திடம் இப்படித்தான் கேட்டிருப்பாள். நன்றாகத்தான் கேட்கிறாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். 'ஒன்னுமில்ல' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"இருக்கு. அடுப்படியிலேருந்து வாசலுக்குப் போக மூணு எடத்துல நின்னு போறேன். செவுத்துல எண்ணெய்க்கறை இருக்குன்னு ஒங்க அண்ணி திட்டுறாளே, அது என் கை."

"குளிக்க, உடுத்த?"

தர்ஷினி எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவளை வெளியே போகச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

"முக்காலி போட்டு ஒக்காந்து குளிக்கிறேன். முட்டி மடங்காது, கால் விரலத் தொட முடியல. பாதத்துக்குச் சோப்புப் போட்டு ரெண்டு வருசமாச்சு. தண்ணிய மட்டும் ஊத்துவேன். ஒருநா முக்காலி வழுக்கி விழுந்துட்டேன். சத்தம் போடல. யாரும் வீட்டுல இல்ல. செவுத்தப் புடிச்சி எந்திரிக்க, வாளிச் சுடுதண்ணி ஆறுற நேரம் ஆச்சு. சாயங்காலம் எல்லாரும் வந்தாங்க. சோறு போட்டேன்."

மலரின் கை தாளின் மேல் அப்படியே இருந்தது. குறிக்கவில்லை. அடுத்ததைக் கேளு என்றேன். கேட்டாள். வேலை, வலி, கவலை என்று எல்லாவற்றுக்கும் சொன்னேன். கவலை என்றபோது, விழுந்து கிடந்தால் உங்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்பது ஒன்று, நீ என்னை மறந்துவிட்டாயோ என்பது ஒன்று என்றேன். படத்தில் முப்பதில் விரல் வைத்தேன்.

"கடைசிக் கேள்வி" என்றாள். "பத்து வருசத்துல எத்தன விட்டுக்கொடுப்பீங்க?"

"ஆறு."

"மா, நல்லா யோசிச்சு..."

"பாக்கியம் நாலு குடுத்தா. அவளே சொன்னா. நான் ஆறு குடுக்கிறேன்."

எனக்குள் ஒரு வெற்றி மாதிரி இருந்தது, மறைப்பானேன். அவளைவிட இரண்டு கூடுதல். ஆனால் மலர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. மறுபக்கக் கணக்கைப் பார்த்தாள்.

"அப்பொ மிச்சம் நாலுதாம்மா."

"நல்ல காலு இருந்தா நாலு போதும்."

"எனக்குப் போதாது" என்றாள்.

அவள் அழுதாள். மண்டபத்தில் கண் கலங்கிய மாதிரி இல்லை, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளையில் மரவட்டை ஏறிவிட்டது என்று அழுத மாதிரி. நான் கீரைக் கையோடு அவள் தலையைத் தொட்டேன். சொல்லக் கூசுகிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாக்கியத்துக்காக அவள் இவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

8

அந்தத் தாள் எந்த ஆராய்ச்சியிலும் சேராது. மலர் அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். நான் எண்ணிக்கையில் இல்லை. நாளைக்கு ஏதாவது ஒரு வைத்தியம் நல்லது என்று புத்தகத்தில் வந்தால், பாக்கியத்தின் நாற்பதும் எண்பதும் அதில் எங்கேயோ இருக்கும், என் முப்பது இருக்காது. அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

வருகிற செவ்வாய்க்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் புதுத் தேதி வாங்கியிருக்கிறார்கள். கூட வந்து டாக்டரிடம் நானே எல்லாவற்றையும் சொல்கிறேன் என்கிறாள் மலர். நீ வா, பக்கத்தில் உட்கார், வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டேன். என் உடம்பை நான்தான் சொல்ல வேண்டும். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. சொன்னாலும் வரிசை நீளம், உடனே கூப்பிட மாட்டார்களாம். கூப்பிடாவிட்டாலும் புத்தகத்தில் சரியாக எழுதிக்கொள்ளட்டும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நான் அனுப்பிய கடிதங்கள் யாரிடமாவது இருந்தால், சௌக்கியம் என்று எழுதிய இடங்களையெல்லாம் நம்ப வேண்டாம். சில வருஷம் சௌக்கியமாகத்தான் இருந்தேன். எந்த வருஷம் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

தர்ஷினி தட்டி முடித்துவிட்டாள். பாதி எழுத்து அவளுக்குத் தெரியாமல் என்னைக் கேட்டாள், பாதி எனக்குத் தெரியாமல் அவளைக் கேட்டேன். "பாட்டி, அந்த பாத்ரூம் கதைய எடுத்துறவா? ஊர்ல எல்லாரும் படிப்பாங்களே, மாலு லா" என்கிறாள். வெட்கமாக இருக்குமாம். வேண்டாம், இருக்கட்டும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மறுபடியும் நூறுதான்.

செவ்வாய்க்கிழமைக்கு முன் ஒரு தடவை இதை நான் காதால் கேட்டாக வேண்டும். தர்ஷினி, முதலிலிருந்து திருப்பிப் படி. மெதுவாகப் படி. முக்காலி வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தாதே.